எண்பத்தைந்தில் திறக்கும்

குளியலறைக் கூரையின் மூலையில்
முதலில் ஒரு கட்டைவிரல் அளவு கறுப்பு.
ஆடி முடிவதற்குள் அது
கேத்திப் பள்ளத்தாக்கின் வரைபடம்.
பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன்.
போனது.
புரட்டாசியில் கிளை ஓடைகளோடு திரும்பி வந்தது.

ஜெசிந்தாவுக்கு இளைப்பு.
பூஞ்சைதான் என்றார் டாக்டர்,
காற்று வரட்டும் என்றார்.
"ஜன்னலைத் திறந்து வை" என்பேன்.
"நீயே திற" என்பாள்.
ஐந்தரைக்குக் குளித்து ஆறேகாலுக்கு
டானிங்டனில் பஸ் பிடிக்கிறவளுக்கு
ஜன்னல் வேறு ஞாபகம் இருக்க வேண்டுமா?
எனக்கோ எட்டு மணிவரை உலகமே கிடையாது.

மிக்ஸி, கீசர், இஸ்திரிப்பெட்டி
பழுது பார்த்துச் சாப்பிடுகிறவன் நான்.
ஒரு ஜன்னலிடமா தோற்பது?

செத்துப்போன ஆம்னி வேனின் வைப்பர் மோட்டார்.
யாரும் கேட்டு வராத சைக்கிளின் செயின், அரை முழம்.
கோவையிலிருந்து கூரியரில் வந்த
நகக்கண் அளவு சென்சார்.
ஈரம் எண்பத்தைந்தைத் தொட்டால் திற.
எழுபதுக்கு இறங்கினால் மூடு.

முதல் நாள், முனகிக்கொண்டே திறந்தது.
எழுப்பிவிட்ட நாயைப் போல
ஒருமுறை உடம்பை உதறிக்கொண்டு.
நான் கைதட்டினேன்.

மறுநாள் மஞ்சு இறங்கியது.
ஜன்னல் திறக்க, ஆவி வெளியே போக,
மஞ்சு உள்ளே வந்தது
செருப்பைக்கூடக் கழற்றாமல்.
எண் தொண்ணூற்றாறு.
இரவு முழுக்கத் தொண்ணூற்றாறு.
மூடச் சொல்லும் எண் வரவே இல்லை.
சோப்பு குழைந்தது. துண்டில் தவளை வாசம்.
பல் துலக்கியபடி எட்டிப் பார்த்தவள் கேட்டாள்:
"இது பாத்ரூமா, கோடநாடு காட்சிமுனையா?"

வெளியே இன்னொரு சென்சார் வைத்தேன்.
வெளியே நூறு என்றது.
உள்ளே நூறு என்றது.
யாரை நம்புவது?
புரிய இரண்டு வாரம் ஆனது:
பன்னிரண்டு டிகிரி குளிரின் நூறு
அரைப்படி.
இருபத்துநாலு டிகிரி வெந்நீர் அறையின் நூறு
முழுப்படி.
இரண்டும் தளும்பத் தளும்ப நிறைந்தவைதான்.

எண்ணை விட்டேன், அளவைப் பிடித்தேன்.
பத்து நிமிடம் திற, பிறகு மூடு,
மஞ்சு என்ன சொன்னாலும் சரி.
கார்த்திகையில் கறுப்பு பின்வாங்கியது.
கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம்
போனில் கிராஃப் காட்டினேன்,
கீசர் தெர்மோஸ்டாட் மாற்ற வந்தவர்கள்
பொறுமையாகப் பார்த்தார்கள்.

அதில்தான் அந்தக் கோடு.
இரவு இரண்டிலிருந்து ஏறக்குறைய மூன்றுவரை
நேராக, அசைவில்லாமல்.
ஈரம் அப்படி இருக்காது,
தூங்கும்போதுகூட நெளியும்.
எல்லா இரவும் இல்லை. வாரத்தில் மூன்று, நான்கு.
சென்சாரை மாற்றினேன்.
ஒயரை மறுபடி பற்றவைத்தேன்.
வோல்டேஜைத் திட்டினேன், எலியைத் திட்டினேன்.

தாகத்தில் விழித்த ஓர் இரவு
கதவிடுக்கில் வெளிச்சம்.
ஸ்வெட்டரோடு முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.
முன்னால் வாளி நிறைய வெந்நீர்.
அறை முழுக்க வெள்ளை.
அதற்குள் அவள் மூச்சு,
விசில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு.
சுவரில் என் சென்சாரின் மேல்
ஹார்லிக்ஸ் பாட்டில் மூடி,
இரண்டு ரப்பர் பேண்ட் போட்டு.

"இதை மூடலேன்னா உன் ஜன்னல் திறந்துடுது.
ஆவியில உக்காந்தாத்தான் இறுக்கம் விடுது."
"எத்தனை நாளா?"
"மோட்டார் வெச்ச நாள்லேர்ந்து."
"சொல்லியிருக்கலாமே."
"நீ கிராஃப் பார்த்துட்டிருந்தே."

காலையில் லேப்டாப்பைத் திறந்தேன்:
இரவு இரண்டு மணிக்குத் திறக்காதே
என்று மூன்றாவதாக ஒரு வரி.
அவள் இரண்டு மணிக்கென்று எழுதிக் கொடுத்திருக்கிறாளா என்ன?
லேப்டாப்பை மூடிவிட்டுச் சுத்தியலை எடுத்தேன்.
சென்சாருக்குப் பக்கத்தில் ஓர் ஆணி.
ஆணியில் நூல். நூலில் மூடி.

இப்போதும் கண் விழித்ததும் கிராஃப்தான் பார்க்கிறேன்,
அதற்காக ஐந்தரைக்கு அலாரம்.
கோடு நெளிந்திருந்தால் மறுபடி போர்வை.
நேராக இருந்தால்
ஸ்கூட்டரை வெளியே எடுத்து, சீட்டின் பனியைத் துடைத்து
நிற்கிறேன்.
உள்ளே ஜன்னல் முனகித் திறக்கும் சத்தம்.
குளித்துவிட்டாள்.